நன்றி சொல்ல வந்தவர்கள்

1

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு, அவர்கள் படுத்த கட்டில்களைச் சுற்றுலா வந்தவர்களுக்கு வாடகைக்கு விடும் ஓர் இல்லம், நன்கொடை கொடுத்தவர்களை ஏமாற்றுகிறதா, இல்லையா?

அக்டோபரிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் நடமாடுகிறேன். மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் ஒரு பதில் கிடைக்கும். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் அது தப்பென்று தோன்றிவிடும். "நீ எதையும் ரெண்டு தடவை சந்தேகப்படுவ. முதல்ல அந்த விஷயத்தை, அப்புறம் ஒன் சந்தேகத்தை" என்கிறார் கணவர். உண்மைதான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். ஆனால் அடுப்பென்றால் வந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் பெருமாள்மலையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் கொடைக்கானலில், கல்லூரி பழனியில். கல்யாணமாகி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தோம். மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஆறு வயது.

நான் சொல்லும் இல்லமும் எங்கள் மலையில்தான் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். மேலே இருக்கும் சிற்றூர்கள் சிலவற்றில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். பீன்ஸ் தோட்டத்துக்கும் காபித் தோட்டத்துக்கும் தினக்கூலியாகப் போகிறவர்களின் பிள்ளைகள் அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் எங்கேயாவது தங்கியாக வேண்டும். அவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்கிற இல்லம் அது. அதன் துண்டறிக்கையை இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் பார்த்தேன். 'பழனி மலை' என்று அச்சில் பார்த்ததும் வேறெதையும் யோசிக்கவில்லை. முத்துலட்சுமி என்ற பெண்ணின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டோம்.

பிறகு வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் மற்ற அம்மாக்கள் கேட்டார்கள், நல்ல இடம்தானா என்று. "எங்க ஊருப் பக்கம்தான்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதை நம்பி அவர்களும் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொண்டார்கள். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

2

இந்த நாட்டில் நன்றிக்கு ஓய்வே கிடையாது. பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு, நாம் கொடுத்த காசை வாங்கிக்கொண்டதற்காகக் கடைக்காரருக்குக்கூட. யாழினி பள்ளியில் சேர்ந்து வந்த முதல் பிறந்தநாள் விருந்து முடிந்த பிறகு, வந்த ஒவ்வொரு பரிசுக்கும் தனித்தனியாக நன்றி அட்டை எழுதி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய், "நாங்கள் அனுப்பிய பொம்மை வந்து சேர்ந்ததா?" என்று கேட்டாள். அவள் கையாலேயே கொண்டுவந்து கொடுத்த பொம்மை அது.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. கைமாற்றாகச் சீனி வாங்கிப் போகிறவள், "வாரேன்க்கா" என்பாள். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். நன்றி என்ற சொல்லை நான் பார்த்ததெல்லாம் ஊர் எல்லைப் பலகையில்தான். 'நன்றி, மீண்டும் வருக.' மலையை விட்டு இறங்கும் வண்டிகளுக்காக எழுதி வைத்தது. அந்த இரண்டையும் சேர்த்தே படித்துப் பழகியதால்தானோ என்னவோ, யாராவது நன்றி சொன்னால் அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கிறேன்.

இல்லத்திலிருந்து வருஷாவருஷம் வரும் அட்டையும் அப்படித்தான். முதல் பாதி நன்றி. இரண்டாம் பாதி, உங்கள் ஆதரவு தொடர வேண்டும். நடுவில் முத்துலட்சுமியின் புகைப்படம். அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். யாழினிக்கு அவள் முத்து அக்கா. போன வருஷ அட்டையை வாசித்துக் காட்டியபோது, "முத்து அக்கா எப்பவும் ஹேப்பியாவே இருக்காங்க. அது ரியல் இல்ல மம்மி" என்றாள். சும்மா இரு என்று அதட்டினேன். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

இந்த வருஷம் அட்டைக்குப் பதிலாக ஆளே வந்தார்கள். இல்லத்தின் செயலாளரும் அவர் மனைவியும். நன்கொடையாளர்களை நேரில் கண்டு நன்றி சொல்வதற்காக இந்த நாட்டில் ஊர் ஊராகப் போகிறார்களாம். யார் செலவில் என்று என் கணவர் கேட்டார். தெரியவில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். எங்களுக்கு நன்றி சொல்லும் விருந்துக்கு நாங்களே சமைத்தோம்.

"கல்யாணப் பொண்ணே பந்தி பரிமாறுற கதையாட்டம் இருக்குது" என்றார் லதாக்கா. கோயம்புத்தூர்க்காரர், தமிழ் வகுப்பின் பொறுப்பாளர்.

செயலாளர் ஒல்லியான மனிதர். பெரிய கோட்டு, யாரோ கொடுத்ததாக இருக்கலாம். மனைவி இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். குளிர் எங்களுக்குப் புதுசா என்று சிரித்துக்கொண்டே, இங்கே புளி கிடைக்கிறதா, என்ன விலை என்று என்னிடம் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதும் சந்தேகம் வந்தது. எங்களுக்கு ஆளுக்கொரு யூகலிப்டஸ் தைலப் பாட்டில், ஒரு பொட்டலம் கொடைக்கானல் சாக்லேட், பழனிப் பஞ்சாமிர்த டப்பா கொடுத்தார்கள். தைலத்தை முகர்ந்தபோது கண்ணில் நீர் வந்தது. இதற்காகத்தான் கொண்டுவந்திருப்பார்களோ என்றும் தோன்றியது.

"எங்க மலைப் பொண்ணு ஒருத்தங்க இங்க இருக்காங்க. அவங்களாலதான் இத்தன ஃபேமிலி நமக்கு சப்போர்ட்டு பண்றீங்க" என்று செயலாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். யாழினி என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பிறகு திரையில் படம் போட்டார். ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் எடுத்தது என்றார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாடம் படிக்கிறார்கள். படுக்கும் அறை. ஒரு சின்னப் பெண் கண்ணாடி முன் நின்று தலை சீவுகிறாள். கண்ணாடி சுவரில் உயரமாக மாட்டியிருந்தது. அதன் கீழ் ஓரத்தில் அவளுடைய வகிடு மட்டும் தெரிந்தது.

கண்ணாடியின் மேல் பாதி முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு, மெரூன், கல் வைத்தது, நீளமாகப் பாம்பு மாதிரி வளைந்தது.

அந்த உயரம் எட்டுகிற பிள்ளை அந்த அறையில் ஒருத்தியும் இல்லை.

கூடத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்தாலும் பொட்டு என்று விட்டிருப்பார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் அந்த மாதிரிக் கண்ணாடியை நான் பல வருஷம் சுரண்டியிருக்கிறேன்.

4

பெருமாள்மலையில் எங்கள் வீட்டு முன்னறை வருஷத்தில் பத்து மாதம்தான் எங்களுடையது. ஏப்ரல் பிறந்தால் சீசன். லாட்ஜுகள் நிரம்பி, மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பெட்டியோடு சாலையில் நிற்கும். அப்பா ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருவார். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

வெந்நீர் தூக்குவது என் சோலி. விறகடுப்பில் அண்டா கொதிக்கும். வாளியில் மொண்டு முன்னறைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாளியை நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு, "வெந்நீங்க" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். உள்ளே கூப்பிட்டாலும் போகக் கூடாது. மிட்டாய் கொடுத்தாலும் நிலைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் வாங்க வேண்டும். நான் திரும்பி வரும்வரை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுப்பில் என்ன கருகினாலும் நகர மாட்டாள்.

சீசன் முடிந்து பள்ளி திறப்பதற்கு முன்னால் முன்னறையைக் கழுவுவோம். வந்த பெண்கள் குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டிவிட்டு மறந்த பொட்டுகளை நான் பிளேடால் சுரண்டுவேன். நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். கல் வைத்த பொட்டு கிடைத்தால் அம்மா பத்திரப்படுத்திக்கொள்வாள்.

5

விருந்து முடிவில் படிவங்கள் வந்தன. ஆதரவைத் தொடர்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும். கீழே ஒரு கட்டம். நான் இந்த நாட்டில் வரி கட்டுபவர், ஆகவே அரசு அந்த வரியில் ஒரு பங்கை இல்லத்துக்குச் சேர்க்கலாம் என்று உறுதி சொல்லும் கட்டம். எனக்கு வேலை இல்லை, வரியும் இல்லை. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். 'பொது நிதியை நாடக் கூடாது' என்று கடவுச்சீட்டில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதைப் படித்த பயத்தில், பள்ளியில் இலவசமாகக் கொடுக்கும் பழத்தை யாழினி தின்னலாமா என்று ஆசிரியையிடம் போய்க் கேட்டவள் நான். அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது வெறும் ஆப்பிள்தான்" என்றார்.

அந்தக் கட்டத்தைச் சாக்காக வைத்து, கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் கையெழுத்திடாததைப் பார்த்து மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

"நமக்கென்ன தெரியும் கண்ணு. நீ தலையாட்டினா நாங்களும் போட்டர்றோம்" என்றார் லதாக்கா.

மறுநாள் காலை, மூலைக்கடையில் வெளிநாட்டுக்குப் பேசும் அழைப்பு அட்டை வாங்கி, சுரண்டி, எண்களை அழுத்தி அண்ணனைப் பிடித்தேன். அண்ணன் கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறார்.

"அண்ணே, அந்தப் பிள்ளைக இல்லம் தெரியுமா?"

"தெரியாம என்ன? சீசன்ல நானே அங்க பார்ட்டி எறக்கியிருக்கேன்."

"பார்ட்டியா?"

"ஆமா தாயி. லாட்ஜு எல்லாம் ஃபுல்லாயிருச்சுன்னா அங்கதான். சுத்தமா இருக்கும். வெந்நீ உண்டு."

"அது பிள்ளைக படுக்குற எடம்ணே."

"பிள்ளைகதான் லீவுக்குப் போயிருச்சுகள்ல. கட்டிலு சும்மாதான கெடக்கு?"

"பிள்ளைகளுக்குன்னுதான நாங்க பணம் அனுப்புறோம்."

"அப்ப பிள்ளையக் கேளு. கட்டில ஏன் கேக்குற? நம்ம முன்னறையில சீசனுக்கு யாரு படுத்தா, நீயா நானா?"

"அது அப்பா கட்டுன வீடு. ஊரு நன்கொடையில கட்டுனதில்ல."

"அங்க போனதுலருந்து நீ வக்கீலு மாதிரி பேசுற" என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு சவாரி இருப்பதாகவும், போய் முத்துலட்சுமியையும் பார்த்துவிட்டு வருவதாகவும் சொன்னார்.

"நான் கேட்டேன்னு சொல்லிறாதீங்க."

"பின்ன என்ன சொல்ல? பிள்ளைய சேக்க வந்திருக்கேன்னா? எம்மகன் காலேஜுல படிக்கான்."

6

ஞாயிறு காலை அண்ணன் மிஸ்டு கால் கொடுத்தார். திருப்பிக் கூப்பிட்டேன். இல்லத்து வாசலுக்கு வெளியே நின்று பேசினார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. சமையக்காரம்மா டீ குடுத்துச்சு. பிள்ளைக தட்டப் பாத்தேன், சோறு கொழம்பு பொரியலு எல்லாம் இருக்கு. ஒண்ணும் ஏமாத்து இல்ல."

"சீசனப் பத்திக் கேட்டீங்களா?"

"அந்தம்மாவே சொல்லுச்சு, ஒளிவுமறைவு ஒண்ணும் இல்ல. அந்தக் காசுலதான் கூரைக்குத் தகரம் மாத்துனாங்களாம். எல்லாப் பிள்ளைகளும் லீவுக்குப் போகாதாம். போக்கிடம் இல்லாததுக ஒரு நாலஞ்சு அங்கனயே அடுப்படியில படுத்துக்கிருமாம். ஒன் புள்ளயும் அதுல ஒண்ணு."

முத்துலட்சுமியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து குடியேறியது. அப்பா இல்லை. அம்மா கேரளாவில் ஏலத் தோட்டங்களில் வேலை செய்கிறார். இது எனக்கு முன்பே தெரியும். விடுமுறையில் அவள் எங்கே போவாள் என்று நான் யோசித்ததே இல்லை.

"பார்ட்டிகளுக்கு வெந்நீ குடுக்குறது, ரூம் கூட்டுறதுன்னு எல்லாம் செய்யுமாம். ரொம்பச் சூட்டிகையான புள்ளன்னு அந்தம்மா பெருமையாச் சொல்லுச்சு."

"அது படிக்க வந்த புள்ளண்ணே."

"நீ தூக்கல?"

நான் பதில் சொல்வதற்குள் அவர், "இந்தா, இங்கதான் நிக்குது. நீ யாருன்னு சொல்லிட்டேன். பேசு" என்று செல்லை அவளிடம் கொடுத்துவிட்டார். நான் எதற்கும் தயாராக இல்லை.

"வணக்கம் அக்கா. நான் முத்துலட்சுமி. எட்டாம் வகுப்பு படிக்கிறேன். உங்கள் உதவிக்கு நன்றி." ஒரே மூச்சில் வந்தது. அட்டையில் இருப்பதே குரலில் வந்த மாதிரி இருந்தது.

"நன்றியெல்லாம் வேணாம் முத்து. சாப்டியா?"

"சாப்ட்டேன்கா."

யாழினி பக்கத்தில் வந்து, நானும் நானும் என்று என் கையை இழுத்தாள். அவளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டேன்.

"லீவுல அடுப்படியிலயா படுப்ப?"

"ஆமாக்கா. அங்கதான் குளிராது. ஜாலியா இருக்கும். கண்ணாடிப் பொட்டெல்லாம் நாங்கதான் எடுத்துக்குவம்." சிரித்தாள். படித்து வைத்ததல்ல அந்தச் சிரிப்பு.

"வெந்நீ கொண்டுபோவியாமே. வாளிய வாசல்லயே வச்சிருவியா, உள்ள கொண்டுபோவியா?"

"அவுங்க சொல்ற எடத்துல வைப்பேன்கா."

"உள்ளேன்னு சொன்னா?"

"உள்ள வைப்பேன்."

அந்த நேரத்தில் சமையக்காரம்மா எங்கே நிற்பார் என்று கேட்க நினைத்தேன். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், அதற்குப் பயம் வராமல் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அக்கா, நிப்பாட்டப் போறீங்களா?"

"என்னது?"

"எங்கூட இருந்த பவித்ராவோட ஸ்பான்சரும் இப்படித்தான் போன்ல எல்லாம் கேட்டாங்களாம். அப்பறம் நிப்பாட்டிட்டாங்க. அவ இப்ப அவுங்க அம்மாகூட ஏலக்காட்டுல இருக்கா."

"இல்லடா. நிப்பாட்ட மாட்டேன்" என்றேன். மலையில் சிக்னல் போய்விட்டது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

யாழினி என் முகத்தைப் பார்த்து, "முத்து அக்கா ஹேப்பியா?" என்றாள். "ஆமா" என்றேன். அவள் நம்பவில்லை.

7

போன வாரம் புதிய அட்டை வந்தது. 'தங்கள் சகோதரர் நேரில் வந்து பார்த்தமைக்கு மிக்க நன்றி. இல்லத்தின் கதவு தங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும். தங்கள் ஆதரவு தொடர வேண்டுகிறோம்.' கூடவே ஒரு புகைப்படம். அதே அறை, அதே கண்ணாடி. குளிர்பெட்டியில் ஒட்டிய படத்தைவிட முத்துலட்சுமி இப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டாள். கண்ணாடியின் கீழ்ப் பாதியில் அவள் முகம் தெரிகிறது. கண்ணாடியில் ஒரு பொட்டுகூட இல்லை. பளபளவென்று துடைத்திருக்கிறது.

பள்ளி நடக்கிற மாதம், அதனால் சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் போய்க் கேட்டதால் துடைத்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் யாரென்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சமையக்காரம்மா சொல்லியிருப்பார். அல்லது முத்துலட்சுமியைக் கேட்டிருப்பார்கள். கேட்டார்கள் என்றால், எப்படிக் கேட்டார்கள்? அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கிய முகமா என்று புகைப்படத்தில் தெரிவதில்லை.

"சந்தேகமா இருந்தா நிறுத்திரு" என்றார் கணவர். நிறுத்தினால் ஏலக்காடு. அவருக்குப் பவித்ராவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவரும் நிறுத்தச் சொல்வதில்லை.

லதாக்காவும் மற்றவர்களும் சனிக்கிழமை படிவத்தைக் கொண்டுவருவார்கள். என் தலையாட்டலுக்குக் காத்திருக்கிறார்கள். சீசன் வாடகையைச் சொன்னால், இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேராவது மறு நிமிடமே நிறுத்திவிடுவார்கள். அவர்கள் ஏற்றிருக்கும் பிள்ளைகளின் பெயரும் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால், "எங்க ஊருப் பக்கம்தான்" என்று இரண்டாவது முறையும் சொன்னதாக ஆகும்.

செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். கட்டிலை வாடகைக்கு விடுங்கள், தகரம் மாற்றுங்கள், எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். ஆனால் வாளியை நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை திரும்பி வரும்வரை யாராவது ஒருவர் அடுப்படி வாசலில் நின்று பாருங்கள். இவ்வளவுதான் நான் கேட்க வேண்டியது. எழுதிப் பார்த்தால் அது குற்றச்சாட்டாகத் தெரிகிறது. குற்றச்சாட்டு போய்ச் சேர்ந்தால் அதற்கு யார் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் தெரிகிறது. வாயைத் திறந்து அக்காவிடம் பேசிய பிள்ளைதான்.

இதைப் படிப்பவர்களில் அந்த மாதிரி இல்லங்களில் தங்கிப் படித்தவர்கள் இருப்பீர்கள். நடத்துகிறவர்களும் இருப்பீர்கள். கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கி, கதவைத் தட்டிய பிள்ளையிடம் வாளியை வாங்கியவர்களும் இருப்பீர்கள். நன்றி சொல்லத்தான் வந்தேன் என்பவரிடம், அவர் மனம் கோணாமல், அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராமல், இதை எப்படிச் சொல்ல வேண்டும்? சனிக்கிழமை அந்த அம்மாக்களிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஏப்ரலில் சீசன் தொடங்கிவிடும், அதற்குள் எழுதுங்கள்.